பதினோரு வரி

அதை அமுக்கிப்போடாதீங்கண்ணா! கையை எடுங்க, கையை எடுங்க. ‘இப்பவே அப்டேட் பண்ணவா’ன்னுதானே கேக்குது? பக்கத்துலயே ‘அப்புறம்’னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதைத் தொடுங்க. ஆங், அதானுங்க. இனி கொஞ்ச நாளைக்கு வாயை மூடிட்டுக் கெடக்கும். பக்கத்துச் சீட்டுக்காரன் என்னத்துக்கு என்ற போனை எட்டிப் பாக்கறான்னு நினைக்காதீங்க. கண்ணுல பட்டுப்போச்சு, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. புது வெர்ஷன்னு எவனாச்சும் சொன்னாவே எனக்குப் பத்திக்கிட்டு வருதுங்க.

எதுவரைக்கும் போறீங்க? பழனியா? நான் தாராபுரம் தாண்டி ஒரு ஸ்டாப்புல இறங்கிக்குவேன். இந்தப் பையில இருக்கறதெல்லாம் பென் டிரைவுங்க. அதைப் பொறவு சொல்றேன்.

என்ற பேரு நல்லசிவம். காங்கேயம் பக்கத்துல ஒரு பால் கம்பெனி, பேரு வேண்டாமுங்க, அங்க கம்ப்யூட்டர் செக்சன். பத்தொம்பது வருசமாச்சு. ஊரூருக்கு எங்க பால் சென்டர் இருக்குது, மொத்தம் நூத்தி எம்பத்தாறு. பாலைக் கொண்டாந்து தராசு மேல வச்சா எடை காட்டும், கொழுப்பு காட்டும், துண்டுச் சீட்டு ஒண்ணு அடிச்சுக் குடுக்கும். பாத்திருப்பீங்க. அந்தத் தராசுக்குப் பின்னால குட்டியா ஒரு கம்ப்யூட்டர் இருக்குது, சோத்து டப்பா அளவுதான். அதுக்குள்ள ஓடறது லினக்ஸ். லினக்ஸுக்குள்ள சிஸ்டம் மேனேஜர்னு ஒரு புரோகிராம். மெஷினுக்குக் கரண்டு வந்ததும் மொதல்ல கண்ணு முழிக்கறது அதுதானுங்க. அது எந்திரிச்சுத்தான் மத்ததையெல்லாம் எழுப்பும். தராசை எழுப்பும், பிரிண்டரை எழுப்பும், யாரு முன்னால, யாரு பின்னால, எவன் படுத்துக்கிட்டான், எவனைத் திருப்பி எழுப்போணும், அத்தனையும் அது கையில.

இந்த மேனேஜரை எழுதறது வெளிநாட்டுல இருக்கற ஒரு கூட்டம். யாரு வேணா எடுத்துக்கலாம், சும்மாவே குடுக்கறாங்க. சும்மா குடுக்கறதுன்னா என்ன கழிசடையை வேணா குடுக்கலாம்னு நினைப்பு அவுங்களுக்கு. அவுங்க வரி வரியா எழுதி வச்சிருக்கற புரோகிராமை, சோர்ஸும்பாங்க அதை, இறக்கி, நம்ம மெஷினுக்குத் தகுந்தாப்புல நாமளே ஆக்கி எடுக்கோணும். அதுக்குப் பேரு பில்டு. எங்க கம்பெனியில பில்டு பண்ணத் தெரிஞ்ச ஒரே ஆளு நானுங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், அதுல என்ன தப்பு? என்ற மேசை மேல ‘நல்லசிவம், பில்டு எஞ்சினியர்’னு பித்தளையில போர்டு இருந்துச்சு. ஜி.எம். உள்ள வந்தாக்கூட அதைப் பாத்துட்டுத்தான் வாயைத் திறப்பாரு.

அந்தப் போர்டு எப்படி வந்துச்சு தெரியுமுங்களா? ஒம்பது வருசத்துக்கு முன்னால சென்டர்லயெல்லாம் ஒரே ரகளை. நம்மூருக் கரண்டு தெரியுமல்ல, காலையில பால் ஊத்தற ஒரு மணி நேரத்துல நாலு வாட்டி போயி நாலு வாட்டி வரும். வந்ததும் இந்த மேனேஜரு என்ன பண்ணும்? அவசரக்குடுக்கை மாதிரி எல்லாத்தையும் ஒரே அடியா எழுப்பிப்போடும். தராசு நிதானத்துக்கு வரப் பத்துச் செகண்டுக்கு மேல ஆகும். அதுக்குள்ள எடை எடுத்தா தப்பா வரும். அஞ்சு லிட்டர் ஊத்தின பொம்பளைக்கு நாலே முக்கால்னு சீட்டு வந்தா சும்மா விடுவாளா? ஒரு சென்டர்ல எங்க ஆளைக் கேனோட சேர்த்துத் தள்ளி விட்டுட்டாங்க. நாந்தான் உக்காந்தேன். அந்த வெளிநாட்டுச் சோர்ஸுக்குள்ளயே கையை விட்டுப் பதினோரு வரி எழுதினேன். தராசு சரியாச்சுன்னு தெரியற வரைக்கும் மத்தவனெல்லாம் படுத்திரு. அவ்வளவுதான் அதோட அர்த்தம். அடுத்த நாள்லயிருந்து ஒரு சண்டை இல்லை. ஜி.எம். சால்வை போட்டாருங்க.

அந்தப் பதினோரு வரியையும் அவுங்களுக்கே அனுப்பிச்சேன், உங்க சோர்ஸ்லயே சேர்த்துக்கோங்கடான்னு. ‘ரொம்ப நன்றி, ஆனா இது உங்க தராசுக்கு மட்டுந்தான் பொருந்தும், எல்லாருக்கும் பொதுவா ஒரு வழி யோசிக்கறோம்’னு பதில் போட்டாங்க. யோசிக்கறாங்களாம்! அன்னைக்கே தெரிஞ்சு போச்சு எனக்கு அவுங்க லட்சணம். போங்கடான்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சுக்கிட்டேன். புதுசு எப்ப இறக்கினாலும் என்ற பதினோரு வரியை அதுவாவே உள்ள சேர்த்துப்போடும். நான் தொடவே வேண்டாம். ஒம்பது வருசமா ஒரே ஒரு வெர்ஷன்லதான் ஓட்டிட்டிருந்தோம், ராஜாவாட்டம் ஓடுச்சு.

இந்த மாசி மாசந்தான் வினை புடிச்சுது. பழைய மெஷினெல்லாம் ஒண்ணொண்ணா மண்டையைப் போட ஆரம்பிச்சுது. கடையில கிடைக்கற புது மெஷினு பழைய மேனேஜரை ஏத்துக்க மாட்டேங்குது. புது ரிலீஸுதான் வேணுமாம் அதுக்கு. ஜி.எம். கூப்பிட்டாரு. “நல்லசிவம், சித்திரை முடியறதுக்குள்ள புதுசைப் பில்டு பண்ணிக் குடுங்க. முடியலைன்னா சொல்லுங்க, சென்னையில ஒரு கம்பெனி கேட்டுட்டே இருக்குது, மொத்தமா அவுங்ககிட்டக் குடுத்துப்போடறேன். இதுல வருத்தப்பட ஒண்ணுமில்லை”ன்னாரு. வருத்தப்பட ஒண்ணுமில்லையாம்! அவருக்கென்னங்க. பில்டு போச்சுன்னா அந்த ஆபீஸ்ல நானு யாரு? மவுஸு வேலை செய்யலைன்னா வந்து துடைச்சுக் குடுக்கற ஆளு. அம்பத்தி மூணு வயசுல நான் மவுஸு துடைக்கறதா?

சரின்னு புது ரிலீஸை இறக்கினேன். அதுல என்னென்ன புதுசுன்னு ஒரு லிஸ்டு குடுத்திருக்கான். முன்னூத்திச் சொச்சம் ஐட்டம்! கல்யாண வீட்டுச் சீர் லிஸ்டுகூட அத்தனை இருக்காதுங்க. எந்திரிச்சு நாலு பேரை எழுப்பி விடறது உன்ற வேலை. அதைப் பண்றதை விட்டுப்போட்டு, கடிகாரத்தை நான் பாத்துக்கறேன், நெட்வொர்க்கை நான் பாத்துக்கறேன், பாஸ்வேர்டை நான் பூட்டி வச்சுக்கறேன்னு ஊர்ல இருக்கற அத்தனை வேலையையும் இழுத்துத் தலையில போட்டிருக்குது. இன்னொண்ணு கேளுங்க. மெஷினு எந்திரிக்காம நின்னு போச்சுன்னா, திரை பூரா நீலமாக்கி, நடுவால கட்டம் கட்டமா ஒரு க்யூ.ஆர். கோடு காட்டுமாம். அதைப் போன்ல போட்டோ புடிச்சுப் பாத்தா ஏன் நின்னுச்சுன்னு தெரியுமாம். எங்க சென்டர் மெஷின்ல திரையே கெடையாது. அட, நின்னதை அழகாக் காட்டறதுக்குப் பதிலா நிக்காம இருக்க வழி பாக்கக்கூடாதா? ஒரு நாப்பது ஐட்டம் படிச்சேன். அதுக்கு மேல படிச்சா எனக்கு ரத்தக்கொதிப்பு வரும்னு மூடி வச்சுட்டேன்.

பில்டு போட்டேன். ரெண்டு நிமிசங்கூட ஓடல. சோர்ஸை மெஷின் பாசைக்கு மாத்தற உன்ற கம்பைலர் பழசுன்னுது. புதுசைப் போட்டேன். பில்டு பண்ற கருவியே பழசுன்னுது. அதையும் மாத்தினேன். அப்புறம் எங்க பழைய ஸ்டார்ட் ஸ்கிரிப்டெல்லாம் இனிமே செல்லாதுன்னுது. பதினாலு ஸ்கிரிப்டு, அத்தனையும் திருப்பி எழுதினேன். இதெல்லாம் நாந்தான் பண்ணினேன், வேற எவனும் பண்ணியிருக்க மாட்டான். மறுபடி ஓட்டினா, முக்காவாசி வரைக்கும் நல்லாப் போகுது. போயி ஒரு இடத்துல நின்னுக்கிச்சு. ஏதோ ஒரு பேரு என்னன்னு முன்னாலயே சொல்லி வைக்காம உள்ள உபயோகிச்சிருக்குதாம், அதனால எர்ராம். அது எந்த ஃபைல்ல வருதுன்னு பாத்தா, அவுங்க எழுதின ஃபைலு. என்ற பதினோரு வரி இருக்கற ஃபைலே இல்லீங்க அது. புடிச்சேன்டா உங்களைன்னு நினைச்சேன். பத்தொம்பது நாளு அதைக் கட்டிக்கிட்டு அழுதேன். அதே இடம், அதே எர்ரு.

என்ற செக்சன்ல தாட்சாயணின்னு ஒரு அம்மணி. நாப்பது வயசிருக்கும். லேபுல பாலை உறிஞ்சிக் கொழுப்புப் பாத்துட்டு இருந்தவங்க, ரெண்டு வருசத்துக்கு முன்னால ஏதோ கோர்ஸ் படிச்சுப்போட்டு எங்க செக்சனுக்கு வந்தாங்க. அந்த முன்னூறு ஐட்டத்தையும் பிரிண்டு எடுத்து, பேனாவுல கோடு போட்டுக் கொண்டாந்து என்ற மேசையில வச்சாங்க. “சார், நூத்திப் பன்னெண்டாவதைப் பாருங்க. கருவி தயாராகற வரைக்கும் மத்ததை நிறுத்தி வைக்கற வசதியை அவுங்களே குடுத்திருக்காங்க. ஒரே ஒரு வரி எழுதினாப் போதும் போல இருக்குது”ன்னாங்க. படிக்கத் தெரியாமயா நான் உக்காந்திருக்கேன்? சரி சரின்னு வாங்கி அது மேல சோத்து டப்பாவை வச்சேன். குழம்பு கொட்டிப்போச்சு, எடுத்துக் குப்பையில போட்டாச்சு.

மறுபடியும் வந்தாங்க. “சார், உங்க பதினோரு வரியைச் சேர்க்கற ஸ்கிரிப்டை மட்டும் நிறுத்திட்டு, ஒருக்கா வெறும் சோர்ஸை ஓட்டிப் பாக்கலாங்களா?” எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! “ஏனுங் அம்மணி, இது கொழுப்புப் பாக்கற வேலைன்னு நினைச்சீங்களா? எர்ரு வர்றது அவுங்க ஃபைல்ல. என்ற வரியை எதுக்கு எடுக்கோணும்?”னு நல்லாக் கேட்டுப்போட்டேன். செக்சனே திரும்பிப் பாத்துச்சு. மூணாவது வாட்டி வந்து, “அப்ப என்ற மெஷின்ல நான் ஓட்டிப் பாத்துக்கட்டுங்களா சார்?”னு கேட்டாங்க. என்னத்தையாச்சும் பண்ணித் தொலைங்கன்னேன்.

இதுக்கு நடுவால, அந்த வெளிநாட்டுக் கூட்டத்துக்கு ஒரு புகார் போட்டேனுங்க. அவுங்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்குது, உலகத்துல யாரு வேணா படிக்கலாம். உங்க ரிலீஸு பில்டே ஆகலை, இங்க பால் ஊத்தறவங்க என்னை நம்பி நிக்கறாங்க, வெக்கமா இல்லையான்னு கொஞ்சம் மரியாதையாத்தான் எழுதினேன். ரெண்டு மணி நேரத்துல பதில் வந்துச்சு. யோனாஸ்னு ஒருத்தன். ‘எங்ககிட்ட இந்த எர்ரர் வர மாட்டேங்குது. நீங்க சோர்ஸ்ல ஏதாச்சும் மாத்தியிருக்கீங்களா?’ன்னு கேட்டிருந்தான். எடுத்ததும் நம்ம மேலதான் சந்தேகம் பாத்தீங்களா! ஒரு எழுத்தும் மாத்தலைன்னு பதில் எழுதினேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? பதினோரு வரியா? அட, அது மாத்தினதுல சேருமாண்ணா? ஒம்பது வருசமா அது அங்கதானே இருக்குது. வீட்டுக்குக் கதவு வச்சிருக்கறவனைப் பாத்து, வீட்டை மாத்திட்டியான்னு கேட்டா ஆமான்னா சொல்லுவான்?

கேளுங்க கதையை. சித்திரை இருவத்தஞ்சாந்தேதி ஜி.எம். ரூம்ல கூட்டம். சென்னைக் கம்பெனிக்காரன் டை கட்டிட்டு வந்து உக்காந்திருக்கான். நான் அந்த யோனாஸ் கூட்டத்தோட அயோக்கியத்தனத்தையெல்லாம் எடுத்துச் சொல்லிட்டிருக்கேன். தாட்சாயணி மெதுவா ஒரு புது மெஷினை எடுத்து மேசை மேல வச்சாங்க, பக்கத்துல ஒரு தராசு. பிளக்கைச் சொருகினாங்க. அது பாட்டுக்கு எந்திரிச்சுது. தராசு நிதானமாகற வரைக்கும் மத்ததெல்லாம் காத்துட்டு நின்னுச்சு, பொறவு டக்குன்னு வந்துச்சு. ஒரு லிட்டர் தண்ணியை வச்சாங்க, சரியாக் காட்டுச்சு. பிளக்கைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகினாங்க, பத்து வாட்டி. பத்து வாட்டியும் சரி.

“எப்பம்மா பில்டு பண்ணினே?”ன்னாரு ஜி.எம். “மூணு நாளாச்சுங்க சார். ஆறே நிமிசத்துல ஆயிருச்சு. சாரோட பழைய வரி உள்ள இருந்ததுனால அது வேற ஒரு ஃபைல்ல போயி இடிச்சிருக்குது. அதை எடுத்துட்டு நூத்திப் பன்னெண்டாவதுல இருக்கறதை ஒரு வரி போட்டேன். மத்தபடி கம்பைலரு, ஸ்கிரிப்டு எல்லாம் நல்லசிவம் சார் பண்ணி வச்சதுதானுங்க. அது இல்லாட்டி என்னால முடிஞ்சிருக்காது”ன்னாங்க. பாத்தீங்களா? அவுங்க வாயிலயே வந்துருச்சு, எல்லாம் நான் பண்ணினதுன்னு! அத்தனையும் நான் செஞ்சு வச்சிருக்க, கடைசியில வந்து ஒரு வரியைப் போட்டுப்போட்டுப் பேரைத் தட்டிக்கிட்டுப் போறது. மூணு நாளா வாயே திறக்கலைங்க எங்கிட்ட. சொல்ல வந்தாங்கதான், கதவுகிட்ட வந்து வந்து நின்னாங்க, நாந்தான் வேலையா இருக்கேன் அப்புறம் வாங்கன்னேன். அதுக்காக? விடாமச் சொல்லியிருக்கக்கூடாதா?

சென்னைக்காரன் டையைத் தடவிக்கிட்டே எந்திரிச்சுப் போனான். அந்த வரைக்கும் எனக்குச் சந்தோசந்தான். ஜி.எம். என்னைப் பாத்து, “நல்லசிவம், நீங்க சென்டரெல்லாம் அறிஞ்ச ஆளு. பழைய வெர்ஷன் மேல போன் லைன் வழியாப் புதுசை ஏத்த முடியாதாம். நேருல போயி ஒவ்வொரு மெஷினுக்கும் போட்டுட்டு வந்துருங்க”ன்னாரு. ஃபீல்டு கோஆர்டினேட்டர்னு பேரு. பதவி உயர்வு மாதிரித்தானுங்க இது. பில்டு மெஷினைத் தாட்சாயணி மேசைக்கு நகர்த்திட்டாங்க, வசதிக்கு. போர்டை எடுத்து அலமாரிக்குள்ள வச்சிருக்குது, பெயிண்டு அடிக்கோணும்னு.

இந்தப் பையில இருக்கறது அதுதான், அந்த அம்மணி பண்ணின பில்டு. இதுவரைக்கும் அம்பத்தெட்டு சென்டர் முடிச்சிருக்கேன். எல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஓடாதா பின்ன? நேத்து ஒரு சென்டர்ல ஒரு பொம்பள, இந்தக் கம்ப்யூட்டரு யாரு பண்ணினதுங்கன்னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள அவ முறை வந்துருச்சு, பாலை ஊத்தப் போயிட்டா.

அந்த யோனாஸா? அதை ஏனுங்க கேக்கறீங்க. அவன் இன்னும் தேடிட்டுத்தான் இருக்கான். தாட்சாயணி கேட்டாங்க, “சார், அந்தப் புகார் உங்க பேருல இருக்குது, நான் எழுதினா மரியாதையா இருக்காது. காரணம் தெரிஞ்சு போச்சுன்னு நீங்களே ஒரு வார்த்தை எழுதிருங்க, பாவம், தேடிட்டு இருப்பாரு”ன்னாங்க. எழுதிட்டேன்னு சொல்லிட்டேன். போன வாரம் அவன்கிட்டயிருந்து மெயில் வந்துச்சு. இருங்க, போன்லயே இருக்குது. எங்க சென்டர்ல போடற அதே மாடல் மெஷினை எங்கியோ தேடிப் புடிச்சு வாங்கி வச்சிருக்கானாம். ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் உக்காந்து பில்டு பண்ணிப் பாக்கறானாம். நாப்பத்தி மூணு வாட்டி பண்ணிட்டானாம், ஒருக்காக்கூட எர்ரர் வரலையாம். ‘நான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க. பால் ஊத்தறவங்க உங்களை நம்பி நிக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க, அது என்ற மனசுலயே நிக்குது. இதைக் கண்டுபிடிக்காம அடுத்த ரிலீஸை விடறதில்லைன்னு எல்லாரும் முடிவு பண்ணியிருக்கோம். கடைசியா ஒரே ஒரு வாட்டி கேட்டுக்கறேன், சோர்ஸ்ல ஏதாச்சும் மாத்தியிருக்கீங்களா?’

படிச்சுப்போட்டுப் போனைக் கவுத்து வச்சேன். பொய் சொல்லலைங்க, அன்னைக்குச் சோறு எறங்கல. அப்புறம் யோசிச்சேன். இத்தனை படிச்ச கூட்டம், ஒரு பதினோரு வரியைக் கண்டுபிடிக்க வக்கில்லை. இவனுங்களுக்காக நான் ஏன் பட்டினி கெடக்கோணும்?

சொல்லிட்டா என்னன்னு கேக்கறீங்களா? லேசாக் கேட்டுப்போட்டீங்க. சொன்ன அடுத்த நிமிசம் ‘முடிஞ்சுது’ன்னு அந்தப் புகாரை இழுத்து மூடிப்போடுவானுங்க. அதைத் திறந்தா மேலயே பெருசா என்ன இருக்குது தெரியுமா? பாருங்க, இதா. நல்லசிவம், பில்டு எஞ்சினியர். உலகத்துல இருக்கறவனெல்லாம் வந்து பாக்கறான், இதுக்குக் கீழ அறுவது எழுவது பேரு பேசியிருக்கான். நல்லசிவம் என்ன சொல்றாரு, நல்லசிவம் மெஷின்ல எப்படி வருதுன்னு. இந்த ஒரு எடத்துலதானுங்க இப்ப என்ற பேருக்குப் பக்கத்துல அது இருக்குது.

தாராபுரம் தாண்டியாச்சு பாருங்க, கொஞ்சம் காலை நகர்த்துங்க, பையை எடுத்துக்கறேன். அவனுக்கு நேத்தே பதில் போட்டாச்சு. ஒரு எழுத்தும் மாத்தலை, இன்னும் நல்லாத் தேடுங்கன்னு.